சீர்வரிசையில் ஒரு தொலைநோக்கி

எனக்குப் பிடித்திருந்தது எட்டு அங்குலத் தொலைநோக்கி. உள்ளே இருக்கும் ஆடியின் அகலத்தை வைத்துத்தான் இவற்றைச் சொல்வார்கள். எட்டு என்றால் நான் ஒருத்தியே தூக்கி ஆர்.எஸ்.புரம் வீட்டு மொட்டைமாடியில் வைத்துவிடுவேன். யார் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அடுத்தவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு, சாயங்காலத்தில் தன் கண்ணுக்கென்று ஏதாவது வேண்டாமா? நெட்டில் இருக்கிற வீடியோ எல்லாவற்றையும் பார்த்து, இதுதான் என்று முடிவுசெய்து வைத்திருந்தேன்.

அண்ணன் ஒரே பேச்சில் கெடுத்தார். அவருக்கு பம்பு கம்பெனி. எதையும் எத்தனை ஹெச்.பி. என்றுதான் பார்ப்பார்.

"எட்டெல்லாம் என்னத்துக்கு அம்மணி? வாங்கறதே வாங்கறோம், பதினாலா வாங்கிப்போடலாம். தோட்டத்துல வெச்சுக்க. உன்ற மாடில, அந்த லைட்டு வெளிச்சத்துல என்ன தெரியும்?"

"பதினால நான் எப்புடீங்ணா தூக்கறது?"

"நீ எதுக்குத் தூக்கற? நான் இல்லியா?"

நான் இல்லியா. இந்த ஒரு பேச்சில் எத்தனை முறை விழுந்திருக்கிறேன் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவரை இன்னும் 'அவர்' என்று எழுதுவதும் பழக்க தோஷம்தான்.

அவர் வாங்கித் தருவதற்குக் காரணம் இருந்தது. அப்பா போன பிறகு தொண்டாமுத்தூர்த் தோட்டம் முழுவதையும் அண்ணன் பேருக்கு விட்டுக்கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். சட்டப்படி எனக்குச் சரிபாதி உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவனிடம் பாகம் கேட்கிற பெண்ணை ஊரே ஒரு மாதிரியாகப் பார்க்கும். பத்திர ஆபீசிலிருந்து வெளியே வந்ததும் அண்ணன் கண் கலங்கி, "என்ன வேணும்னு கேளு அம்மணி, அண்ணன் சீராச் செய்யறேன்" என்றார். நகை கேட்பேன் என்று நினைத்திருப்பார். தொலைநோக்கி கேட்டேன். ஆக, தென்னந்தோப்புக்கும் வாழைக்காட்டுக்கும் பதிலாக எனக்கு வந்தது அது ஒன்றுதான்.

வந்து இறங்கியது. இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால்தான் அசையும். தோட்டத்து வீட்டுக்குப் பின்னால் காங்கிரீட் தூண் கட்டி, அதன்மேல் போல்ட்டு முடுக்கி நிறுத்தினார்கள். மழைக்கு ஒரு தகர மூடி. சனிக்கிழமைகளில் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் போவேன். யானை இறங்குகிற பக்கம் என்பதால் இருட்டி ரொம்ப நேரம் ஆவதற்குள் திரும்பிவிட வேண்டும்.

அந்த இயந்திரத்தின் குணம் எனக்குப் பிடித்துப்போனது. சுவிட்சைப் போட்டதும் தேதி, நேரம், நிற்கிற இடம் மூன்றையும் கேட்கும். அப்புறம் பளிச்சென்று தெரிகிற இரண்டு நட்சத்திரங்களை நாம் நடுவில் கொண்டுவந்து காட்ட வேண்டும். அதை மட்டும் சரியாகச் செய்துவிட்டால் வானம் முழுக்க அதற்குத் தெரிந்துவிடும். சனி என்று அழுத்தினால் மோட்டார் முனகிக்கொண்டே திரும்பிச் சனியில் போய் நிற்கும். தப்பான நட்சத்திரத்தைக் காட்டினீர்களோ, தென்னை மட்டையைக் காட்டும். அதனிடம் பொய் சொன்னால் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்த வருஷம் சனியின் வளையம் மெலிந்துகொண்டே வந்தது. பல வருஷத்துக்கு ஒருமுறை வளையம் நமக்குப் பக்கவாட்டில் திரும்பி ஊசிக்கோடாகிவிடும். அப்புறம் மெல்ல விரியும். கோடானதைப் பார்த்துவிட்டேன். அது திரும்ப விரிவதையும் அதே தொலைநோக்கியில் வாராவாரம் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே ஆசை. அடுத்த முறைக்கு நான் இருப்பேனோ என்னவோ.

அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்ததும் அவர்கள் வீட்டார் தோட்டத்துக்கு வந்தார்கள். "மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் காட்டு அம்மணி" என்றார் அண்ணன். மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சனியைக் காட்டினேன். கண்ணை எடுக்கவே இல்லை. "இது மாதிரி ஒண்ணு ஊட்டுல இருந்தாப் போதுங்க அத்தை, டிவியே வேண்டாம்" என்றார். நான் பூரித்துப்போய், வேலை மெனக்கெட்டு நிலாவையும் காட்டினேன். அண்ணன் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தபடி நின்றிருந்தார்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் போன் வர ஆரம்பித்தது. "இந்த வாரம் வராத அம்மணி, பெயிண்ட் அடிக்கறாங்க." அடுத்த வாரம், "யானை வந்து வேலியச் சாச்சுப்போட்டுது, நீ எதுக்கு அலையற?" கல்யாண வீடு, ஆயிரம் வேலை இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீருக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். பெண்டாட்டி வந்தாலும் தங்கச்சியைக் கைவிட மாட்டேன் என்று சபையறியச் செய்கிற சடங்கு அது. அந்த மனுஷன் சொல்வதைச் சந்தேகப்படத் தோன்றுமா?

அண்ணன் மகள் கல்யாணத்தன்று முகூர்த்தம் முடிந்த கையோடு, மண்டபத்தில் சீர்வரிசையைப் பரப்பியிருந்த ஹாலுக்குப் போனேன். பவானி ஜமக்காளத்தின் மேல் வெள்ளிக் குத்துவிளக்கு, பித்தளை அண்டா, வாஷிங் மெஷின், அதற்குப் பக்கத்தில் என் தொலைநோக்கி. மல்லிகைச் சரம் சுற்றி, மூடியின்மேல் சந்தனம் குங்குமம் வைத்திருந்தார்கள். வேறொன்றாக இருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். போல்ட்டு முடுக்கிய அன்று நான் கைதவறிப் போட்ட கீறல் அடியில் அப்படியே இருந்தது.

அண்ணன் சம்பந்தியம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். "என்ற தங்கச்சிதானுங்க பாத்துப் பாத்து எடுத்தது. இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி" என்று சொல்லிப் பெருமையாக நின்றார். அந்தம்மா நகர்ந்ததும் அவரை ஓரமாக இழுத்தேன்.

"ஏனுங்ணா, இது என்றதுங்களே."

"மாப்பிள்ளை ஆசப்பட்டுட்டாரு அம்மணி. சபைல வெச்சுப் பேசாத. உனக்கு அந்த எட்டு அங்குலத்த வாங்கித் தாரேன். அதத்தான மொதல்ல கேட்ட?"

நான் கேட்டது எட்டு என்று மனுஷனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. நாலு பேர் முன்னால் நறுக்கென்று கேட்டுவிடுவது என்று வாயைத் திறந்தேன். அதற்குள் புதுப்பெண் மாலையும் கழுத்துமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, நீங்களே இதக் குடுக்கச் சொன்னீங்களாமா. அப்பா சொன்னாருங்க. உங்களுக்கு எப்புடி மனசு வந்துச்சுங்க?"

அவள் கண் கலங்கியிருந்தது. அண்ணன் என்னைப் பார்க்காமல் குத்துவிளக்கைப் பார்த்தார். பொருளை எடுத்ததைக்கூட விட்டுவிடலாம். நான் சொல்லாததைச் சொன்னதாகச் சொல்லி, பெற்ற மகளையே ஏமாற்றியிருக்கிறார். இல்லை என்று நான் ஒரு வார்த்தை சொன்னால், தாலி ஏறிய சூட்டோடு புகுந்த வீட்டார் முன்னால் அவள் அப்பன் திருடனாவான். அவன் ஆகட்டும், அவள் தலைகுனியக் கூடாது.

"ஆமா கண்ணு, நாந்தான் சொன்னேன். சனியோட வளையம் இனி விரியும். ரெண்டு பேரும் பாருங்க" என்றேன்.

பத்திர ஆபீசில் போட்ட கையெழுத்து எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை.

மாடியில் பந்தி நடந்துகொண்டிருந்தது. விசேஷ வீட்டில் கை நனைக்காமல் போவது என்றால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அப்படிப் போனதில்லை. நான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். அண்ணன் அதற்குள் வாசலுக்கு வந்து, போகிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து நிறுத்தி, "சாப்டீங்களா? சாப்டுட்டுத்தான் போகோணும்" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் போன ஆட்டோக்காரரைக்கூடக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை.