சித்தப்பாவின் பஃபே

எங்கள் சித்தப்பாவுக்குக் கல்யாணம் கூடிவந்ததற்கு முழுக் காரணமும் நான் எழுதிய ஆறு அட்டைகள்தான் என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்லித் திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை, மறுக்க நான் இடம் கொடுக்கவும் இல்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. சித்தப்பா தம்புள்ளைப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டலில் சமையல் வேலை செய்தார். கேட்டால் 'செஃப்' என்பார். இரத்தோட்டை பஸ்ஸில் பார்த்துப் பழகிய ஓர் அக்காவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். அந்த அக்காவின் அப்பா மேல் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. பேசப் போன ஆளிடம் அவர், "குசினிக்காரனுக்கெல்லாம் பொண்ணு குடுக்க ஏலாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சித்தப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. சமைக்கிறவர் பட்டினி கிடந்தது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பெரிய செய்தியாக இருந்தது.

வழி கண்டுபிடித்தவர் அம்மா. "மாப்பிள்ள பொண்ணுன்னு ஒண்ணும் பேச வேணாம். தீபாவளிச் சாப்பாட்டுக்குக் குடும்பத்தோட வாங்கன்னு மட்டும் கூப்பிடுவோம். சாப்பாட்டுக்கு மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க" என்றார். அப்பா போய்க் கூப்பிட்டார். தீபாவளிக்கு அடுத்த நாள் சாயங்காலம் வருவதாகச் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. என் சுற்றாடல் பாடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் போட்டார். யாழ்ப்பாணத்து நண்டுக் குழம்பு, மட்டக்களப்பு இறால், காலிப் பக்கத்துச் சிங்கள ஆட்கள் கொறுக்காய்ப்புளி போட்டு வைக்கும் மீன், கண்டிப் பக்கத்துப் பொலொஸ் என்கிற பலாப்பிஞ்சுக் கறி, மாத்தளை முஸ்லிம் வீடுகளில் இனிப்புக்கு வைக்கும் வட்டிலாப்பம். இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றிவந்த பட்டியலில் எங்கள் தோட்டம் மட்டும் இல்லை. "நம்ம ஊருக்கு என்னா?" என்று அம்மா கேட்டார். "நம்ம சாப்பாட்ட அவங்க தினமும்தானே திங்கிறாங்க அண்ணி" என்று சித்தப்பா தட்டிக்கழித்தார். அம்மா மிளகு அரைத்துப் போட்டு ஒரு நாட்டுக்கோழிக் கறியைத் தன் பங்குக்கு வைத்துவிட்டார்.

போனில் ஹோட்டல் படங்களைக் காட்டி, சாப்பாட்டைப் 'பஃபே'யாகத்தான் வைக்க வேண்டும் என்று சித்தப்பா பிடிவாதமாக நின்றார். வீட்டின் முன் அறையான காம்பராவில் இரண்டு மேசைகளைச் சேர்த்து அப்பாவின் கோயில் வேட்டியை விரித்தார். செங்கல் அடுக்கி, நடுவில் மெழுகுவர்த்தி கொளுத்தி, சட்டிகளை மேலே ஏற்றினார். நான் பிரிஸ்டல் போர்டை வெட்டி, ஒவ்வொரு சட்டிக்கும் முன்னால் ஊர்ப் பெயரோடு அட்டை எழுதி நிறுத்தினேன். கோழிக்கு எந்த ஊரைப் போடுவது என்று தெரியவில்லை. 'அம்மா' என்று எழுதினேன். வரிசையின் தலையில் நின்று தட்டுக் கொடுக்கும் பதவியும் எனக்குத்தான். "அண்ணி, நீங்க கரண்டியத் தொடவே கூடாது. அவங்களே போட்டுக்குவாங்க. அதுதான் மரியாத" என்று அம்மாவிடம் சித்தப்பா கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

கணக்கப்பிள்ளையும் அவர் மனைவியும் அந்த அக்காவும் வந்து, சுவரோர நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். சித்தப்பா வெள்ளைக் கோட்டோடு வந்து நின்று, "எல்லாரும் வந்து தட்டு எடுத்து, விருப்பமானதப் போட்டுக்கங்க" என்று கையை நீட்டிக் காட்டினார். நான் முதல் தட்டைத் துடைத்துப் பிடித்துக்கொண்டேன்.

யாரும் எழவில்லை.

கணக்கப்பிள்ளை சட்டிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சுவரிலிருந்த கலண்டரைப் படிக்கத் தொடங்கினார். சித்தப்பா இன்னொரு தரம், இன்னும் அழகாகக் கையை நீட்டினார். "பரவால்ல தம்பி, நாங்க வீட்டுலயே சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம்" என்றார் கணக்கப்பிள்ளை. அவர் மனைவி புறப்படுவதற்குக் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாப்பிட்டுவிட்டு வந்தவர்களின் மூக்கு ஏன் நண்டுச் சட்டிப் பக்கமே திரும்பியிருந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. விருந்தாளிக்குப் பக்கத்தில் நின்று, அவர் போதும் போதும் என்று கையால் மறிக்க மறிக்கப் பரிமாறுகிற ஆட்கள் நாங்கள். நீயே போட்டுத் தின் என்பதும் எழுந்து போ என்பதும் எங்களுக்கு ஒன்றுதான். வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துச் சமைத்துச் சித்தப்பாவுக்கு அது மறந்துபோயிருந்தது.

குசினியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்த அம்மா வெளியே வந்தார். ஒரே பார்வையில் எல்லாம் விளங்கிவிட்டது. விறுவிறுவென்று வந்து சோற்றுக் கரண்டியை எடுத்தார். அதற்குள் அந்த அக்கா எழுந்துவிட்டார். "குடுங்க அக்கா" என்று அம்மாவிடம் கரண்டியைக் கேட்டார். அம்மா ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. வரிசையும் போச்சு, பதவியும் போச்சு. அந்த அக்கா என் கையிலிருந்த தட்டை வாங்கிச் சோறு போட்டு, முதலில் தன் அப்பாவிடம் கொண்டுபோனார். "அப்பா, இது யாழ்ப்பாணத்து நண்டு. அட்டையில எழுதியிருக்கு பாருங்க" என்றார். கணக்கப்பிள்ளை மகளை நிமிர்ந்து பார்த்தார். தட்டை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கடைசியில் அவர் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது. வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்த மனிதர் மூன்று நண்டு சாப்பிட்டார். இறாலுக்கு இரண்டாம் தரம் தட்டை நீட்டினார். அந்த அக்கா ஒவ்வொரு அட்டையையும் சத்தமாக வாசித்து வாசித்துப் பரிமாறினார். 'அம்மா' அட்டை வந்ததும் கணக்கப்பிள்ளை மென்றுகொண்டே, "இது யாரு வச்சது? இதுதான் கறி!" என்றார். அம்மா சித்தப்பாவைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. போகும்போது கணக்கப்பிள்ளை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அப்பாவிடம், "தை பொறந்ததும் வீட்டுக்கு வந்து பேசுங்க" என்றார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பி, "அந்த வட்டிலாப்பம் மிச்சம் இருந்தா கொஞ்சம் கட்டிக் குடுங்க தம்பி" என்றார். சித்தப்பா சட்டியோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் ஓட்டோவில் ஏறிப் போனதும் நான் அம்மாவிடம் முறையிட்டேன். "வந்தவங்க எதுக்கு நம்ம கரண்டிய எடுத்தாங்க? அவ்வளவு பசியா?" அம்மா சிரித்துக்கொண்டே சட்டி கழுவப் போய்விட்டார்.

விருந்துக்குப் போன வீட்டில் பெண்கள் கரண்டியைத் தொடமாட்டார்கள் என்பதும், ஒரு வீட்டுச் சோற்றை அள்ளிப் பரிமாறுகிறவள் அந்த வீட்டுக்காரி என்பதும் எனக்கு அப்போது தெரியாது. தன் அப்பாவிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்த அக்கா ஒரு தட்டுச் சோற்றோடு சேர்த்து நீட்டியிருக்கிறார். கணக்கப்பிள்ளையும் அது தெரிந்துதான் வாங்கியிருக்கிறார். அந்த முன் காம்பராவில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஒரு கல்யாணம் பேசி முடிந்துகொண்டிருந்தபோது, நான் மட்டும் வரிசை குலைந்துபோச்சே என்று மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.