கைக்கு எத்தனை?

எண்பதுகளின் கடைசியில் மெட்ராஸில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தேன். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில். சாப்பாட்டு நேரத்தில் மேனுவல்களைப் புரட்டிப் புரட்டியே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். கடலோர இறால் கொட்டகைகளுக்கு ஒரு புரோகிராம் வேண்டும் என்று ஆர்டர் வந்தபோது, எங்க ஊர் வேலை, நானே பண்றேன் என்று வாயை விட்டுவிட்டேன். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆறு கொட்டகைக்கு ஃப்ளாப்பி போகணும், ஒண்ணு திரும்பி வந்தாலும் மறுபடி டைப்ரைட்டர்தான் என்றார். அது என் மேசை ஓரத்திலேயே உறை போட்டபடி உட்கார்ந்திருந்தது. பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புரோகிராமை மூன்று துண்டாகக் கட்டினேன். எடையை வாங்கிக்கொள்ள ஒன்று, கிலோவுக்கு எத்தனை இறால் என்று பார்த்துத் தரம் பிரிக்க ஒன்று, பெட்டிக்கு லேபிள் அடிக்க ஒன்று. ஆபீஸில் என்னென்னவோ எண்களைக் கொடுத்துப் பார்த்தோம். எல்லாம் சரியாக வந்தது. பேக் பண்ணிடு என்றார் முதலாளி. எனக்கு மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்க் கொட்டகையில் புதிதாக இறக்கியிருந்த கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துவிடுகிறேன் என்று கெஞ்சி ஃப்ளாப்பியை வாங்கிக்கொண்டு போனேன்.

அங்கே இறால் பிரிப்பவள் என் சித்தி. ஒரு கிலோ நிறுத்து, அவள் எண்ணிச் சொன்னதை அடித்தேன். சுண்டுவிரல் அளவு இறாலுக்குப் பெரிய இறாலின் லேபிள் வந்து விழுந்தது! கொட்டகைக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டிச் சிரித்தார். மானமே போயிற்று. புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. அப்புறம்தான் சித்தியின் கையைக் கவனித்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு இறால் விழுந்தது. வாயோ ஒன்றுதான் எண்ணியது. கிலோவுக்குக் கணக்கு பாதியாகி, சின்ன இறால் பெரிய இறாலாகிவிட்டது.

"இன்னா சித்தி, ரெண்டு போட்டுட்டு ஒண்ணுன்னு சொல்ற?"

"ஒண்ணு ஒண்ணா எண்ணிக்கினு இருந்தா ஐஸு கரைஞ்சிடும்மா. இங்க கைக்கு ரெண்டு. எளாவூர் பக்கம் மூணு மூணா போடுவாங்க."

இதே ஊரில் பிறந்த எனக்கு இது தெரியவில்லை. கொட்டகைப் பக்கமே போகாதே, படி என்று நைனா விரட்டியதன் பலன்!

இரண்டால் பெருக்கிவிடலாம் என்று கீபோர்டில் கை வைத்தவள், எளாவூர்க் கொட்டகைக்கும் இதே ஃப்ளாப்பிதான் போகும் என்று நினைத்து நிறுத்தினேன். எடைத் துண்டையும் லேபிள் துண்டையும் தொடவில்லை. தரம் பிரிக்கும் துண்டு மட்டும் முதலில் 'கைக்கு எத்தனை' என்று இங்கிலீஷ் எழுத்தில் கேட்கும்படி மாற்றினேன். மத்தியானத்துக்குள் சரியான லேபிள் வந்தது. கொட்டகைக்காரர் இந்தத் தடவை சிரிக்கவில்லை, அதை எடுத்துப் பெட்டியில் ஒட்டினார்.

ஆறு ஃப்ளாப்பியில் ஏற்றி, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, உப்புக்காற்று புகாமல் பிளாஸ்டிக் பையில் போட்டு மெழுகுவத்தித் தீயில் பையின் வாயை ஒட்டினேன். எளாவூருக்கு முதலாளியே எடுத்துப் போனார்.

மறுநாள் வந்தவர் என் மேசையில் ஒரு லேபிளை வைத்தார். "மூணுன்னு அடிச்சேன்மா. கரெக்டா வந்துச்சு," என்றார். பிறகு, அந்த டைப்ரைட்டரை யாரையாவது விட்டு ஸ்டோர் ரூமில் வைக்கச் சொல் என்றார்.

நான் யாரையும் கூப்பிடவில்லை. நல்ல கனம். நானே தூக்கிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தேன்.