மாஸ்டர் வண்டியின் எடை

பழைய வண்டியை மண் ரேஸுக்குத் தயார் செய்யும் மெக்கானிக் சகோதரர்களே, வண்டியில் எத்தனை கிலோ குறைத்தாலும் நம் நெஞ்சில் இருக்கும் பாரம் குறையாது என்பது உங்களுக்கே தெரியும்.

ஹாரன்

கீழ்பென்னாத்தூர் பி.டி. மாஸ்டரின் டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு என்னைவிட வயது ஜாஸ்தி. போன வருஷ ரேஸில் பாதியிலேயே நின்று, குட்டி யானை லோடு வண்டியில் ஏறி ஊர் திரும்பியது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இன்னும் சிரிக்கிறார்களாம். "ஜெயிக்க வேணாங்க, முடிவுக் கோட்டைத் தாண்டினா போதும்" என்றார். அது என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாய் அப்படி.

ஹெட்லைட், கண்ணாடி, ஸ்டாண்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மண்ணில் ஓடும் வண்டிக்கு எடை கம்மியாக இருக்கணும். அதுவரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஹாரனில் கை வைத்ததும் பதறினார்.

"ஹாரன் இல்லாம முன்னாடி போறவன எப்படிங்க ஒதுங்கச் சொல்றது?"

பௌர்ணமி

அடி அண்ணாமலைப் பக்கம் காய்ந்த ஏரியில் ஓட்டிப் பார்த்தேன். வண்டி பறந்தது. திரும்பும்போதுதான் அன்று பௌர்ணமி என்பது உறைத்தது. கிரிவலப் பாதையில் வண்டி ஓட்டக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். என் பட்டறை அதே பாதையில் பின்னால் இரண்டே கிலோமீட்டர்தான். ஆனால் அத்தனை ஜனத்துக்கும் எதிரே எப்படித் தள்ளிக்கொண்டு போவது? எல்லோரோடும் சேர்ந்து, மலையைச் சுற்றிப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளினேன். பக்கத்தில் நடந்து வந்த ஒரு அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"வண்டிக்கு என்னாப்பா வேண்டுதல்?"

கடைசி வளைவு

ரேஸில் மாஸ்டர் நன்றாகத்தான் ஓட்டினார். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் வண்டி இருமி நின்றது. கோளாறு ஒன்றுமில்லை. எடை குறையட்டும் என்று பெட்ரோலைக் கம்மியாக ஊற்றியவன் நான்தான். வேறு யாராவது கை வைத்தால் ஆட்டத்திலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

மாஸ்டர் இறங்கினார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் தள்ள ஆரம்பித்தார். மற்ற வண்டிகள் புழுதி கிளப்பிக்கொண்டு தாண்டிப் போயின. கடைசி ஆளாகக் கோட்டைத் தாண்டினார். வேலியோரம் நின்ற அவருடைய பள்ளிக்கூடப் பிள்ளைகள் விசிலடித்துத் தீர்த்தார்கள். வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்கப் போனேன். என் பௌர்ணமிக் கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார்.

"நீங்க பன்னெண்டு கிலோமீட்டர் தள்ளுனீங்க, நான் இத்துனூண்டு தள்ள மாட்டனாங்க?"

ஆக, நான் எடையைக் குறைத்தது வீண்போகவில்லை, தள்ளுவதற்கு லேசாக இருந்ததாம்.