இரண்டையும் ஒரே நாளில் கழுவக் கூடாது

ஹாஜா நானா மௌத்தான செய்தி வந்தபோது நான் அவரைக் கேலி செய்துகொண்டிருந்தேன். “நானா வீட்டு மீனுக்குத் தண்ணி சுத்தம் பண்ண ரெண்டு வேலைக்காரன்” என்று நம் வாட்ஸ்அப் குழுவில் தட்டி அனுப்பிய அதே நேரம் செய்தி வந்து விழுந்தது. அதற்குக் கீழே என் கேலி, சிரிக்கும் பொம்மையோடு. அழிப்பதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

துபாயிலிருந்து திரும்பி சூட்கேஸ் கடை வைத்தவர் நானா. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் அங்கே பெட்டி வாங்குவார்கள். எங்குமே போகாத நான் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவேன். அவர் வீட்டுக் கூடத்தில் தங்கமீன் தொட்டி. அதில் எந்நேரமும் இரண்டு ஃபில்டர் ஓடும்.

“மீனுக்கு எதுக்கு நானா ரெண்டு கிட்னி? ஒண்ணு போதாதா?” என்றேன் ஒருநாள்.

“ஒங்களுக்கும் அல்லா ரெண்டுதான் வச்சிருக்கான் தம்பி. ஒண்ணு போதும்னா சொல்லுங்க, எடுத்துருவோம்.”

அவரைப் பார்த்து நானும் தலத்தெருவில் என் வீட்டில் ஒரு தொட்டி வைத்தேன். தன் தொட்டியில் ஊறிய பஞ்சு ஃபில்டர் ஒன்றைப் பழுப்பும் வழவழப்புமாகப் பையில் போட்டுக் கொடுத்தார். முகம் சுளித்தேன்.

“அழுக்கு இல்ல தம்பி. தண்ணிய சுத்தம் பண்ற கிருமி அதுலதான் குடியிருக்கு. குழாய்த் தண்ணி பட்டா செத்துரும், தொட்டித் தண்ணியிலயே அலசுங்க. ரெண்டு இருந்தா ரெண்டையும் ஒரே நாள்ல கழுவிராதீங்க.”

தலையாட்டினேன். என் தலை நன்றாக ஆடும்; உள்ளே எதுவும் தங்காது.

நானா இறந்த மூன்றாம் நாள், அவருக்காக ஃபாத்திஹா ஓதும்போது போனேன். வாட்ஸ்அப் பாவத்தைக் கழுவ எதையாவது இழுத்துப்போட்டுச் செய்ய வேண்டும் என்று ஒரு தவிப்பு. நாற்காலி எடுத்துப் போட்டேன். பிறகு தொட்டி கண்ணில் பட்டது. இரண்டு பஞ்சையும் கொல்லைக் குழாயடிக்குக் கொண்டுபோய், வெளுக்கும்வரை தேய்த்துத் திரும்ப மாட்டினேன். வந்தவர்களில் ஒருவர், “கூட்டாளின்னா இப்படி இருக்கணும்” என்றார். மறுக்கவில்லை.

இரண்டு நாளில் நானாவின் மகள் சமீமா போன் செய்தாள்.

“மாமா, தண்ணி பாலாட்டம் ஆயிருச்சு. மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. வாப்பா இருந்தா என்ன செய்வாங்கன்னு தெரியல.”

எனக்குத் தெரிந்தது, மிகத் தாமதமாக. என் வீட்டுத் தொட்டியில் நானா தந்த பஞ்சு, என் சோம்பலின் புண்ணியத்தில் குழாய்த் தண்ணீரையே பார்க்காமல் கிடந்தது. பாதியை வெட்டிப் பையில் போட்டு வண்டியை எடுத்தேன். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் மாற்றி, பஞ்சை உள்ளே வைத்தேன். நீளவால் மீன் ஒன்று போய்விட்டது. மற்றவை சில நாளில் மெல்லக் கீழே இறங்கின. மறுபடி பார்க்கப் போனபோது அவர் வீட்டில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். தேநீர் வேறு கொடுத்தார்கள், குடித்தேன்.

கிளம்பும்போது சமீமா வாசல்வரை வந்தாள்.

“அன்னைக்கே பாத்தேன் மாமா, ரெண்டையும் குழாயடியில வச்சுத் தேச்சீங்க. வாப்பா எப்பவும் வேணாம்பாங்க. வீடு நெறைய ஆளு, அத்தன பேர் முன்னாடி ஒங்ககிட்ட எப்படிச் சொல்றது?”

செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தேன். அவள் உள்ளே போய், நான் வெளுத்த ஃபில்டர்களில் ஒன்றை எடுத்துவந்து கையில் வைத்தாள்.

“ஒங்க பஞ்சு இங்க இருக்கட்டும். இது வாப்பாவோடது, நீங்க வச்சுக்குங்க.”

நானா போன பிறகு அவர் வீட்டிலிருந்து என்னிடம் வந்தது இதுதான். என் தொட்டியில் மிச்சப் பாதிப் பஞ்சுக்குப் பக்கத்தில் ஓடுகிறது. மெல்லப் பழுப்பேறி வருகிறது. ஆக, என் வீட்டிலும் இப்போது இரண்டு ஃபில்டர். குழுவில் யாராவது கேலி செய்யுங்கள்.