மூச்சை அடக்கும் அக்கா

தராசின் கண்ணாடிக் கதவைத் திறக்கும் முன், அக்கா கழுத்தை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பிச் சுவரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுக்கொள்கிறாள். பிறகு வாயை இறுக மூடிக்கொண்டு திரும்புகிறாள். இடுக்கியால் ஒரு விதையை எடுத்துத் தட்டில் வைத்துக் கதவைச் சாத்தி, எண் ஆடி நிற்கும்வரை கன்னம் உப்பியபடி காத்திருக்கிறாள். நின்றதும் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பி, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிறாள்: "அப்புறம் அந்தக் கண்டக்டர் என்ன பண்ணாரு தெரியுமா?"

பேசாமல் இருக்கவே முடியாத ஒருத்திக்கு, வாயைத் திறந்தால் கணக்குக் கெட்டுப்போகிற வேலை வாய்த்தது யார் செய்த குறும்போ. உலர்ந்த விதை மூச்சுக் காற்றில் இருக்கும் ஈரத்தைக்கூட உறிஞ்சிக்கொள்ளும், எடை கூடிவிடும். வந்த புதிதில் அக்கா கதை சொல்லிக்கொண்டே எடை போட்டதில், உலர உலர விதைகள் கனத்துக்கொண்டே போனதாக ஓர் அதிசயம் பதிவாயிற்று. ஆய்வகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் அக்காதான்.

மகள் தன் உயரத்துக்கு வளர்ந்த பிறகு, பாதியில் விட்ட படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வந்தவள். கூட இருக்கும் பயிற்சியாளர்கள் எல்லாம் நேற்றுவரை பள்ளிக்கூடம் போனவர்கள். ஆய்வகத் தலைவியே இவளைவிடச் சின்னவள். தலைவி இவளை "அக்கா" என்பாள், இவள் தலைவியை "மேடம்" என்பாள். முதல் வாரம் இருவருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இப்போது அந்த "அக்கா" வாசல் காவலாளிவரை பரவிவிட்டது. அவருக்கு இவளுடைய அப்பா வயது இருக்கும்.

சில மரங்களின் விதைகள் எலும்பாகக் காய்ந்தாலும் வருஷக்கணக்கில் உயிரைப் பிடித்து வைத்திருக்கும். சிலவற்றின் விதைகள் காய்ந்தால் அவ்வளவுதான். அக்காவிடம் வந்தது இரண்டாவது ரகம் என்று மற்றவர்கள் கைவிட்ட ஒரு காட்டு மரம். நினைத்தால் காய்க்கும், இல்லாவிட்டால் இல்லை; கையில் இருக்கும் விதை அவ்வளவுதான். பக்குவமாக உலர்த்தினால் அதன் விதை பிழைக்குமா என்று பார்க்க வேண்டும். பிழைத்தால் ஆராய்ச்சி மாணவியாக அக்கா இங்கேயே தொடரலாம். இல்லையென்றால் பயிற்சிக் காலம் முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். தலைவி இதை எவ்வளவோ பக்குவமாகத்தான் சொன்னாள். அன்று மாலைவரை அக்கா பேசவில்லை. விஷயம் எவ்வளவு பெரியது என்பது அதிலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

வேலை வீடுவரை வந்துவிட்டது. புதுச் செருப்புப் பெட்டிகளில் ஈரம் உறிஞ்சப் போட்டிருக்கும் குட்டிப் பொட்டலங்களை, விதை உலர்த்தும் டப்பாவுக்கு ஆகுமென்று அக்கா தூக்கி எறிவதில்லை. காலுறை தேடி அலமாரியைத் திறக்கும் கணவரின் கையில் அவைதான் அகப்படும்.

"என்னையும் ஒரு நாள் டப்பாவுல போட்டு மூடிடுவ போலிருக்கே."

"உங்களையா? நீங்க ஒரு நாள் காபி இல்லன்னாலே வாடிப் போயிடுவீங்க. காயவெச்சா தாங்கமாட்டீங்க."

வாய்க்கு அடுத்தபடியாக அக்காவிடம் அடங்காதது அவசரம். வந்துகொண்டிருக்கும் லிஃப்டின் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்குவாள். அடுத்தவர் தொடங்கிய வாக்கியத்தைத் தானே முடித்து வைப்பாள். அந்த அவசரம்தான் ஒருமுறை அவளைக் கவிழ்த்தது. விதைகளில் பாதி நன்றாக உலர்ந்திருந்தன. டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்தவளுக்கு, சுருங்கிப்போய்க் கிடந்தவற்றைக் கண்டதும் மனசு தாங்கவில்லை. "பாவம், எவ்ளோ நாளா தண்ணியில்லாம கெடக்குதுங்க" என்று தாராளமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டாள். அப்படி ஊற்றக் கூடாது என்று படித்திருந்தாள்தான். கை கேட்கவில்லை. அத்தனை காய்ந்த விதைக்குள் தண்ணீர் திடுமெனப் பாய்ந்தால் உள்ளே எல்லாம் கிழிந்துவிடும். சில நாளில் பூஞ்சைதான் முளைத்தது.

"மொதல்ல ஈரக் காத்து காட்டணும்க்கா. அது மெதுவா முழிச்சுக்கும். அப்புறம்தான் தண்ணி" என்றாள் தலைவி.

"தாகமா இருக்குமேன்னு நெனச்சேன் மேடம்" என்று சொல்லி, அக்கா எல்லோர் எதிரிலும் அழுதுவிட்டாள்.

மிச்சம் இருந்தது ஒரு கைப்பிடி. அவை உலர்ந்ததும், அடியில் தண்ணீர் நிற்கும் பெட்டிக்குள், நீர் படாமல் ஈரக் காற்று மட்டும் படும்படி வலைத்தட்டில் பரப்பினாள். அந்த அறையைப் பூட்டிச் சாவியைக் காவலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். "நாளைக்குத்தான் வேணும். நானே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க."

மதியமே போய்க் கேட்டாள்.

"நீங்கதானக்கா குடுக்காதேன்னு சொன்னீங்க?" என்று அவர் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அக்கா முணுமுணுத்துக்கொண்டே திரும்பினாள். ஆனாலும் அவர்மேல் அவளுக்கு அன்று வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

மறுநாள் விதைகள் நனைந்த தாள் விரித்த மூடித்தட்டுக்கு மாறின. அதன்பின் தினமும் காலையில் தட்டைத் திறப்பாள், மூடுவாள், பேச்சைக் குறைத்துக்கொண்டு வேறு வேலை பார்ப்பாள். இளசுகள் அவளைச் சிரிக்கவைக்கப் படாதபாடு பட்டார்கள்.

இன்று காலை திறந்தவள் மூடவில்லை. ஒரு விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்த்தது. அருகில் இன்னொன்று. தட்டைச் சற்றே சாய்த்தபோது அந்தப் பக்கமும் வரிசையாக வேர்முனைகள். செய்தி அறைக்கு அறை ஓடி, தலைவி கையில் பாதி குடித்த காபியோடு வந்து நின்றாள்.

"அக்கா, வந்துடுச்சா? சொல்லுங்கக்கா!"

அந்த விதைகளை இனி யாருடைய மூச்சும் ஒன்றும் செய்யாது, ஈரத்தில்தான் கிடக்கின்றன. ஆனாலும் அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கழுத்தை முழுவதுமாக இடப்பக்கம் திருப்பி, தோள் குலுங்கக் குலுங்கச் சுவரைப் பார்த்துச் சிரித்தாள்.