ஆய்வாளரிடம் அக்கா சொன்ன பதில்

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வரவிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலருக்கு நான் எழுத வேண்டும் என்று முடிவானபோது, "நல்லத மட்டும் எழுதுடா, அந்தத் தையல் கம்பெனி விவகாரத்த எதுக்கு இழுக்கிற?" என்றார் சித்தப்பா. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அதை விட்டுவிட்டு எழுதினால் அது அக்காவைப் பற்றிய கட்டுரையாக இருக்காது. டவுனில் பலருக்கு அக்காவை அந்த விவகாரத்தை வைத்துத்தான் தெரியும். அதுவும் பாதி மட்டுமே தெரியும்.

அக்கா கீழ்பென்னாத்தூரை அடுத்த எங்கள் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் தையல் கற்றுக்கொண்டார். திருவண்ணாமலையில் ஆட்டோ ஓட்டிய மாமாவுக்கு மணமுடித்துக் கொடுத்தோம். மாமா நல்ல மனிதர். மகள் கவிதா பள்ளியில் சேர்ந்த வருடமே நெஞ்சுவலியில் போய்விட்டார். ஊருக்கு வந்துவிடு என்று அப்பா எவ்வளவோ அழைத்தார். அக்கா வரவில்லை. வேங்கிக்கால் போகும் வழியில், ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் நடந்த தையல் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கே நைட்டியும் சுடிதாரும் தைத்தார்கள். அதோடு, ஆசிரமத்துப் பக்கம் கடைகளில் வெளியூர்க்காரர்கள் வாங்கும் துணித் தொப்பிகளும் தைத்தார்கள். தொப்பியின் விளிம்பு விறைப்பாக நிற்க உள்ளே கேன்வாஸ் வைத்துப் பசை தடவி, அயர்ன் பெட்டியால் அழுத்துவார்கள். அந்தப் பசை வாடை தலையைப் பிளக்கும். அக்கா சில வருடங்களில் சூப்பர்வைசர் ஆனார். அதட்டிப் பேசத் தெரியாத சூப்பர்வைசர். ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் அவளுடைய மெஷினில் தானே உட்கார்ந்து தைத்துக்கொடுப்பார்.

ஒரு நாள் காலை, அயர்ன் பெட்டி பக்கத்தில் இருந்த பசை டப்பா தீப்பற்றிக்கொண்டது. கட்டிங் மாஸ்டர் பாய் ஈரத் துணியைப் போட்டு அமுக்கி அதை அணைத்துவிட்டார். ஆனால் அதற்குள் கூடம் முழுக்கப் புகை. பின்பக்கம் இரும்புப் படிக்கட்டுக்குப் போகும் கதவு பூட்டிக் கிடந்தது. அதை மறைத்துத் துணி மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. பெண்கள் அந்த வழியாகத் துணியை வெளியே கொண்டுபோய்விடுவார்கள் என்று சொல்லி முதலாளி பூட்டி வைத்திருந்தார். எல்லோரும் முன்பக்கத்துக் குறுகலான மாடிப்படியில் இறங்கி ஓடினார்கள். அந்த நெரிசலில், அங்கே தைத்துக்கொண்டிருந்த செல்வி விழுந்துவிட்டாள். முதல் பிள்ளைக்கு முழுகாமல் இருந்தவள். அன்று சாயங்காலமே கரு கலைந்துவிட்டது.

படி ஈரமாக இருந்தது, வழுக்கிவிட்டது என்று முதலாளி சொன்னார். செல்வியின் வீட்டாரும் அதையே சொன்னார்கள். மறுவாரம் செல்வி வேலைக்குத் திரும்பிவிட்டாள். யாரும் எதுவும் பேசவில்லை. கதவு மறுபடியும் பூட்டப்பட்டது.

பிறகு தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். வரப்போவது முதலாளிக்கு முன்பே தெரிந்திருந்தது. காலையிலேயே மூட்டைகளை நகர்த்தி, பூட்டைக் கழற்றி, பசை டப்பாக்களை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள். ஆய்வாளர் ஒரு பெண்மணி. பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பின்கதவுப் பக்கம் நின்று பொதுவாகக் கேட்டார்.

"இந்தக் கதவு டெய்லி திறந்துதான் இருக்குமா?"

முதலாளி பக்கத்திலேயே நின்றார். பெண்கள் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"இல்லைங்க மேடம். இன்னிக்குத்தான் திறந்தாங்க" என்றார் அக்கா.

அதோடு நிறுத்தவில்லை. தீப்பிடித்ததையும் செல்வி விழுந்ததையும் சொல்லிவிட்டார். இதை எனக்குச் சொன்னவர் பாய். "உங்க அக்கா குரல் கொஞ்சம்கூட ஒசரலப்பா" என்றார்.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். அகலமான இரண்டாவது படிக்கட்டு வேண்டும், பசை வேலைக்குக் காற்றோட்டமான தனி அறை வேண்டும், அதன் பிறகுதான் திறக்கலாம் என்று உத்தரவு. நியாயமான உத்தரவுதான். சீக்கிரம் கட்டிவிடுவார்கள் என்று அக்கா நம்பினார். ஆனால் கட்டடத்துக்காரர் சுவரை இடிக்கச் சம்மதிக்கவில்லை. முதலாளியும் வற்புறுத்தவில்லை. அதிகாரிகளிடம் அனுமதி வாங்கி மெஷின்களை லாரியில் ஏற்றி வேறு மாவட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார்.

வேலை இழந்த பெண்கள் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அன்று நானும் அங்கே இருந்தேன். ஆளாளுக்குப் பேசினார்கள். கடைசியில் செல்வி முன்னால் வந்தாள்.

"எனக்காகப் பேசுனியாக்கா? நான் உன்னைக் கேட்டனா? புள்ளையும் போச்சு, இப்ப சோறும் போச்சு."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை.

அடுத்து வந்த திங்கட்கிழமைகளில் எல்லாம் அக்கா கலெக்டர் ஆபீஸில் மனுவோடு வரிசையில் நின்றார். கம்பெனியைத் திறக்க வையுங்கள் என்பதுதான் மனு. முதலில் கூட வந்த சிலரும் பிறகு வரவில்லை. ஒரு முறை நான் துணைக்குப் போனேன். அங்கிருந்த அலுவலர் மரியாதையாகத்தான் பேசினார். "பூட்டச் சொல்ல எங்களுக்கு அதிகாரம் இருக்குதும்மா. இங்கயேதான் நடத்தணும்னு ஒரு முதலாளிய எப்படிம்மா கட்டாயப்படுத்த முடியும்?" என்றார். அக்கா அந்த மனுவை மடித்துக்கொண்டு வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்.

மற்றக் கம்பெனிகளில் அக்காவை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆய்வாளரிடம் பேசியவர் என்ற பெயர் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்து கவிதாவைக் கல்லூரிக்கு அனுப்பினார்.

அதைவிட அக்காவை வருத்தியது வேறு. அந்த முதலாளி கொஞ்ச நாளில் ஓர் ஆள் மூலமாக வெட்டிய துணியை இங்கே இருக்கும் வீடுகளுக்கே அனுப்பத் தொடங்கினார். கூலி முன்னைவிடக் கம்மி. மின்சாரச் செலவு தைப்பவர்கள் தலையில். செல்வி வீட்டிலும் தொப்பி வேலை நடந்தது. அக்கா ஒரு முறை அந்தத் தெரு வழியாகப் போனபோது, சமையல் செய்யும் அறையிலேயே பசை டப்பாவும் அயர்ன் பெட்டியும் இருந்ததையும், பக்கத்துப் பாயில் செல்விக்கு அதன்பின் பிறந்த குழந்தை தூங்கியதையும் பார்த்துவிட்டு வந்தார்.

"அங்க ஒரு கதவாவது இருந்துச்சு, திறக்கச் சொல்லிக் கேக்க. இப்ப வீட்டுக்குள்ள யாருடா வந்து பாப்பாங்க?" என்று என்னிடம் கேட்டார். அன்று அவர் சாப்பிடவில்லை.

மார்பில் வந்த கட்டியை அக்கா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. கீமோ கொடுத்த நாட்களில் முடி எல்லாம் கொட்டியது. தலையில் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் மருத்துவமனையில் நான் துணிந்து கேட்டேன்.

"அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்க வேணாம்னு தோணுதாக்கா?"

"சொன்னது தப்பில்லடா. தனியா சொன்னேன் பாரு, அதுதான் தப்பு. அவங்க சோறும் அதுல இருந்துச்சு இல்ல? மொதல்ல அவங்களக் கூட்டி வெச்சுப் பேசியிருக்கணும். எல்லாரும் சேந்து சொல்லியிருந்தா, சேந்து நின்னிருப்போம்" என்றார். தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, "நின்னிருப்போமா, தெரியல" என்றார்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில் அக்கா எங்களை விட்டுப் போனார்.

மருத்துவமனைக்கு நாள் தவறாமல் கஞ்சி கொண்டுவந்து கொடுத்த பாய்க்கும் அவர் வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. முகம் கோணாமல் அக்காவைக் குளிப்பாட்டி உடை மாற்றிவிட்ட செவிலியர்களுக்கும், கவிதாவைத் தங்கள் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும், மழையில் நனைந்தபடி கடைசி வரை உடன் வந்தவர்களுக்கும் நன்றி.

கம்பெனியில் உடன் வேலை பார்த்தவர்களில் வெகு சிலரே அன்று வந்தார்கள். செல்வி வரவில்லை. அவள் மீதோ மற்றவர்கள் மீதோ எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களை நாங்கள் அறிவோம். உடன் வேலை பார்த்தவர்களே, இந்த மலரைக் கவிதா உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் கொண்டுவந்து கொடுப்பாள். வாங்கிக்கொள்வதும் திருப்பிக் கொடுப்பதும் உங்கள் விருப்பம்.

நினைவு நாளன்று அக்கா வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துத்தான் சமைக்கிறோம். அக்கா யாரிடமும் கோபித்துக்கொண்டு போகவில்லை. சாப்பிட வாருங்கள்.

தம்பி