மயிலாத்தாள் வீட்டுக் கார் நிறுத்துமிடம்

போத்தனூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் மயிலாத்தாளுக்கு ஒரு லைன் வீடு இருந்தது. வரிசையாக ஆறு குடித்தனம், பொதுவாக ஒரு குழாய். வேலை பார்த்த மில்லை மூடியபோது கைக்கு வந்த பணத்தைப் போட்டு அவளும் புருஷன் பாலுசாமியும் செங்கல் சுமந்து கட்டியது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வாடகைதான் அவளுக்குச் சோறு. நகரத்து ஏழைகளுக்கு வீடு எங்கே என்று ஏசி அறையில் உட்கார்ந்து கருத்தரங்கு நடத்துகிறார்களே, அதற்கான பதிலை இந்த அம்மாள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருந்தாள். இரும்பு வார்க்கிற ஃபவுண்டரிக்குப் போகிறவனுக்கும் தையல் யூனிட்டுக்குப் போகிறவளுக்கும் வேலைக்குப் பக்கத்திலேயே ஒரு கூரை. இதற்காக அரசாங்கத்திடம் அவள் ஒரு பைசா கேட்டதில்லை.

தெருவை ஒட்டிய முதல் வீட்டில் சித்திகா இருந்தாள். தையல் யூனிட்டில் டெய்லர். கணவன் உவைஸ் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் மூட்டை தூக்கிவிட்டு வாரம் ஒருமுறை வருவான். மகள் அஃப்ஷீனுக்குப் பள்ளிக்கூடம் அடுத்த தெரு. பள்ளி விட்டதும் அது நேராக மயிலாத்தாள் வீட்டுக்குத்தான் வரும், சித்திகா வேலை முடிந்து வந்து கூட்டிக்கொண்டு போவாள்.

வீடு காலியா என்று கேட்டு ஆள் வராத வாரமே இல்லை. ஆகவே மேலே ஒரு மாடி எடுத்து இன்னும் நான்கு வீடு கட்டலாம் என்று மயிலாத்தாள் நினைத்தாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"கட்டிப்போட்டு அப்புறம் பாத்துக்கலாமுங்க்கா. இங்க யாருங்க கேட்டுக் கட்டறாங்க?"

"அதெப்படீங்க? மொறையாக் கேட்டுத்தான் செய்யோணும்" என்றாள். முறையாகக் கேட்டாள். அங்கே பிடித்தது சனி.

மாநகராட்சி ஆபீசிலிருந்து ஆய்வாளர் ஒருவர் டேப்போடு வந்தார். வரப்போகிற மாடியை விட்டுவிட்டு இருக்கிற தரையை அளந்தார்.

"ஏம்மா, கார் நிறுத்த இடம் எங்க?"

"காரு யாருகிட்டீங்க இருக்குது? எல்லாரும் நடந்து போறவீங்க."

"இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வாங்குவாங்க. தெரு நெரிசலாகாதா? முன்னாடி ரெண்டு வீட்டை எடுத்துட்டு அங்க பார்க்கிங் விட்டாத்தான் மாடிக்கு அனுமதி. சம்மதமா?"

வாசலுக்கு வந்தவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை. மோர் கொடுத்து, தலையாட்டி, சிரித்த முகமாக அனுப்பிவைப்பார்கள். மறுப்பைப் பிறகு வேறொருவர் மூலம் பக்குவமாகச் சொல்லியனுப்புவார்கள். பெண் கேட்டு வந்தாலும் அப்படித்தான், நிலம் கேட்டு வந்தாலும் அப்படித்தான். மயிலாத்தாளும் தலையாட்டினாள். தம்பி சென்னகிருஷ்ணன் காரமடையிலிருந்து வந்ததும் ஆபீசுக்கு அனுப்பி, தோதுப்படாது என்று சொல்லச் சொன்னாள். அவன் போனபோது உரிமையாளர் சம்மதித்தார் என்று ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. எழுதினதை அடிக்க முடியாதாம். ஒரு மனுஷியின் மரியாதையை அவளுக்கே வினையாக்குகிற சாமர்த்தியம் ஆபீசுக்கு மட்டுமே உண்டு.

அந்த எழுத்தைக் காட்டி ஆபீசிலிருந்து பொக்லைன் வந்து முன்னாலிருந்த இரண்டு வீட்டையும் தள்ளியது. சித்திகா தட்டுமுட்டுச் சாமானோடு செட்டிபாளையத்துக்கும் அப்பால் போனாள். பக்கத்தில் அவளுக்குக் கட்டுப்படியாகிற வீடு எதுவும் இல்லை. எப்படி இருக்கும்? கட்டுகிறவளைத்தான் கட்டவிடாமல் செய்தாகிவிட்டதே!

அங்கிருந்து காலை ஷிப்டுக்கு வரப் பேருந்து கிடையாது. முதல் பேருந்து வரும்போது யூனிட்டில் மிஷின் ஓட ஆரம்பித்திருக்கும். ஜாவித் என்பவன் தன் வேனில் வழியெல்லாம் ஆட்களை ஏற்றி நேரத்துக்குக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தான். தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஏற்றப் பர்மிட் இல்லை என்று ஆர்.டி.ஓ. ஆட்கள் அவன் வேனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பர்மிட் கேட்டால் அந்தத் தடத்தில் புதிதாகத் தருவதில்லை என்றார்கள். சர்க்கார்க்காரன் தானும் பேருந்து விடமாட்டான், விடுகிறவனையும் விடமாட்டான். இதற்குப் பெயர் போக்குவரத்துக் கொள்கை.

ஒரு மத்தியானம் சித்திகா வந்து இடிந்த வீட்டின் தரையில் நின்றாள். வெள்ளைக் கோடு போட்டு, கம்பத்தில் கார் படம் மாட்டி, வெறிச்சென்று கிடந்தது அந்த இடம்.

"லேட்டு லேட்டுன்னு வேலைய உட்டு நிறுத்திட்டாங்க மயிலக்கா. உவைஸ் ஈரோட்டுக்கே வந்துருன்னு சொல்றாரு. அங்க சந்தைக்குள்ள ஒத்த ரூம்பு, நாலு ஆம்பளைங்க தங்கறது, நடுவால சேலையக் கட்டித் தடுத்துக்கலாமாம். புள்ளைய ஊர்ல எங்க அம்மாகிட்ட உட்டுட்டு நான் மட்டும் போகணும்."

"அஃப்ஷீனப் பிரிஞ்சா?"

சித்திகா முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"நீ எங்கயும் போகாத கண்ணு" என்றாள் மயிலாத்தாள். "யூனிட்டுல நான் வந்து பேசறேன். நாளைக்குச் செங்கல்லு வருது."

மறுநாள் கொத்தனார் வெள்ளைக் கோட்டின் மேல் நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றது. லைன் வீட்டின் சரித்திரத்தில் அங்கே நின்ற முதல் கார். இறங்கியவர் அதே ஆய்வாளர்.

"மாடிக்கு அனுமதி வரலம்மா. தெரு அகலம் பத்தாது" என்றார். பிறகுதான் செங்கல்லைப் பார்த்தார். "இதென்ன வேலை?"

மயிலாத்தாள் நேரே அவர் முன்னால் வந்து நின்றாள்.

"தெரு அகலம் அன்னைக்குத் தெரியலீங்களா, ஊட்டை இடிக்கச் சொல்றப்ப? ஊடு வேணுமுங்கறவ இருக்கறா, கட்டித் தாரதுக்கு நான் இருக்கறேன். நடுவால நீங்க யாருங்க?"

"சீல் வெச்சுடுவேன்!"

"வெச்சுக்குங்க. நான் இடிக்க மாட்டேன். எத்தனை வாட்டி வந்தாலும் மாட்டேன்."

மோர் இல்லை, சிரித்த முகம் இல்லை. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. மயிலாத்தாள் ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு போய் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"வண்டிய எடுங்க" என்றாள். "அது சித்திகாவோட அடுப்படி."